இருட்டுப் பை

நகர மண்டப ரயில் நிலையத்துக்கு எதிரே
பழைய கடைத்தொகுதியின் மூன்றாம் தளம்.
கதவில் ஒட்டியிருக்கிறது:
வாங்காத பொருளைத் தொடாதீர்.
அதன்கீழ் வேறு பேனாவில்:
காசு தரும்வரை எல்லாம் வாங்காத பொருளே.

எனக்கு முன்னால்
தொழிற்கல்லூரிப் பிள்ளைகள் ஏழு பேர்.
இருபத்தாறு வெள்ளி ஃபிலிம் சுருளைப்
பரோட்டாப் பொட்டலம்போல் கேட்டு வாங்குகிறார்கள்.
எல்லாருக்கும் ஒரே விலை, ஒரே குரல்.
வெய் ஜுன் என்ற பெயரட்டை
அவன் சட்டையில் தலைகீழாகத் தொங்குகிறது.
யார் முகத்தையும் பார்ப்பதில்லை.
கலரா, கறுப்பு வெள்ளையா.
நானூறா, இருநூறா.
அடுத்த ஆள்.

கேமராவைக் கண்ணாடி மேசைமேல் வைத்தேன்.
"சுத்த முடியல. பாதியில நின்னுடுச்சு."
"திறந்தீங்களா?"
"இல்ல."
"எல்லாரும் இல்லன்னுதான் சொல்றாங்க."
பேசியது ஆங்கிலம்.
எனக்குக் கோபம் வந்தது தமிழில்.

காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான்.
"ரொம்ப இழுத்துட்டீங்க. பிஞ்சிருச்சு."

அடித்தட்டிலிருந்து ஒரு கறுப்புப் பை எடுத்தான்.
கழுத்தே வைக்காமல் தைத்த முழுக்கைச் சட்டை.
கேமராவும் காலி டப்பாவும் உள்ளே போயின.
இரட்டை ஜிப்.
முழங்கைவரை நுழைத்துக்கொண்டான்.

விரல்கள் இருட்டுக்குள் போய்விட்டதால்
கண்களுக்கு வேலையில்லை.
போக்கிடமற்ற அந்தக் கண்கள்
என்மேல் வந்து உட்கார்ந்தன.

பைக்குள் ஒரு பூனைக்குட்டி
புரண்டு படுத்தது.

"என்ன எடுத்தீங்க?"
"காலி வீடு."
"விக்கவா?"
"வித்தாச்சு. நேத்து நாங்க சாவி கொடுத்துட்டோம்."
நாங்கள் என்றே வாய்க்குப் பழக்கம்.
ஆங்கிலத்தில் அது இரண்டெழுத்துச் சொல்.
அதில் ஓர் எழுத்து நேற்று
என்னோடு இறங்க மனமில்லாமல்
அடுத்த மின்தூக்கிக்குக் காத்து நின்றது.

அவன் கைப்பேசி அதிர்ந்தது.
நின்றது. மறுபடி அதிர்ந்து
நண்டுபோல் பக்கவாட்டில் நகர்ந்து
மேசை விளிம்புக்கு வந்தது.
கையை எடுத்தால் வெளிச்சம் பாயும்.
அத்தனை சுவரும் எரிந்துபோகும்.

"அத எடுத்து என் காதுல வைங்க."
தயவுசெய்து என்றெல்லாம் இல்லை.

வைத்தேன்.
மேசையில் வயிறு அழுந்தச் சாய்ந்து
முன்பின் தெரியாதவன் காதுமடலில்
துளைகளை எண்ணும் தூரத்தில்.
மூன்று. ஒன்றில்தான் வளையம்.
ஒரு பெண்குரல், மாண்டரினில்,
படியேறுவதுபோல் உயர்ந்துகொண்டே போனது.
அழுகையாக இருக்கலாம். சிரிப்பாகவும்.
"ஹாவ்," என்றான். "ஹாவ், ஹாவ்."
கைகள் மட்டும் சுற்றுவதை நிறுத்தவில்லை.

தோள் கடுத்தது. கை மாற்றிக்கொண்டேன்.
பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்.
"கொஞ்சம் பொறுங்க," என்றேன் திரும்பி,
கடை என்னுடையதுபோல.

ஜிப் திறந்தது.
கறுப்பு டப்பா, மூடியைச் சுற்றி ரப்பர் பேண்டு.
ஈசூனில் பன்னிரண்டாம் மாடி நாலறை வீடு
இப்போது கட்டைவிரல் உயரம்.

கண்கள் பழைய வேலைக்குப் போய்விட்டன.
"கழுவ பன்னெண்டு வெள்ளி. புதன்கிழமை வாங்க."
"இதுக்கு?" பையைக் காட்டினேன்.
"எதுக்கு?"

மங்கையர்க்கரசி கட்டத்துக்குள் அடங்கவில்லை.
ஐந்தாம் எழுத்தில் நிறுத்திக்கொண்டான்.
குறிப்பு என்ற இடத்தில் மட்டும்
இரண்டு சொல் எழுதி அடிக்கோடும் போட்டான்:
கிழிந்தது. மெதுவாக.

அடுத்த ஆள்.

மின்தூக்கி வந்து கதவு திறந்த பிறகுதான்
கேமராவை அங்கேயே விட்டது உறைத்தது.
திரும்பிப் போனேன்.
வரிசையில் இப்போது
எனக்கு முன்னால் ஒன்பது பேர்.